லியோனில் நான் சொன்ன பதில்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, பிரான்சில் இருந்த அத்தை எங்கள் மூன்று பேருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அவள் அப்பாவின் அக்கா. அவள் கணவரான மாமாவின் குடும்பத்துக்கு அவருடைய தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. மாமா அந்த நாட்டு ராணுவத்தில் வேலை பார்த்து, முழங்கால் கெட்டு, ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். இருவரும் லியோன் என்ற ஊரில் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை.

டிக்கெட் எதற்கு வந்தது என்று பெரியவர்கள் நான்கு பேருக்கும் தெரியும். என்னைத் தங்களிடமே விட்டுவிடும்படி அத்தை கேட்டிருந்தாள். படிக்க வைத்து, சொந்தப் பிள்ளையாகவே வளர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். தாயில்லாமல் போன அப்பாவைச் சிறுவயதில் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் அத்தைதான். அவளிடம் முடியாது என்று சொல்லிப் பழகாத அப்பா, "புள்ளையவே கேளுக்கா. அவ இருக்கேன்னு சொன்னா எனக்கும் சரிதான்" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் வகுப்பு முடித்த ஒருத்தியின் தலையில் அதைத் தூக்கி வைத்த பிறகு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அத்தையும் மாமாவும் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார்கள். அம்மா புடவைக்கு மேல் மாமாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலில் அத்தை வாங்கித் தந்த ஷூவோடு நடந்தாள். மே மாதம்தான், ஆனாலும் எங்களுக்குக் குளிர்ந்தது.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் வளர்ந்த எனக்கு உயரம் என்றால் மொட்டைமாடிதான். இந்த ஊரில் தெருவோடு நடந்துகொண்டே இருப்போம், ஒரு திருப்பத்தில் தெரு எழுந்து நின்றுவிடும். அதற்கு மேல் படிகள். படிகள் முடிந்தால் இன்னொரு தெரு, அதன் முடிவில் இன்னும் படிகள். ஆனால் தெருமுனைப் பலகைகளில் எங்கள் ஊரில் இருப்பதுபோலவே நீலத்தில் வெள்ளையாக, தெருவுக்கு 'ரூ' என்று எழுதியிருந்ததால் எனக்குப் பயமில்லை. இப்படியே நேராகப் போனால் எங்கள் ஊர்ப் பெரிய மார்க்கெட் வந்துவிடுமா என்று அப்பாவைக் கேட்டேன். போலீஸ்காரர்கள்தான் ஏமாற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் அவர்கள் போடும் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுத் தொப்பி என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இங்கே ஒருவர் தலையிலும் அதைக் காணோம். "இவங்க நெஜ போலீஸ் இல்லையாப்பா?" என்றேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசச் சொன்னார்.

குட்டி ரயில் ஒன்று எங்களை மலையுச்சிக்கு ஏற்றிக் கொண்டுபோனது. அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு மாதா கோயில். அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் கீழே ஊர் முழுவதும் செம்மண் நிறக் கூரைகளாகவும், நடுவில் இரண்டு ஆறுகளாகவும் தெரிந்தது.

"பார்த்தியா கண்ணு, ரெண்டு ஆறு. நம்ம ஊருக்குள்ள ஒண்ணுகூட கெடையாது. புடிச்சிருக்கா?" என்றாள் அத்தை.

நான் பதில் சொல்வதற்குள், "பிள்ளைச்சாவடியில கடலே இருக்குது அண்ணி. ஆறெல்லாம் கடைசியில அங்கதான வந்து விழணும்" என்றாள் அம்மா. பிள்ளைச்சாவடி அவள் பிறந்த ஊர். மீன்பிடிக் குடும்பம்.

அன்று முழுவதும் இப்படியே போனது. அத்தை ஒன்றைக் காட்டுவாள், பிடித்திருக்கிறதா என்பாள். அம்மா அதில் ஒரு குறை கண்டுபிடிப்பாள். அத்தை எனக்குக் குடை ராட்டினம் காட்டினால், அம்மா அதன் குதிரைகளுக்கு எண்ணெய் போடவில்லை, கிரீச்சென்று கத்துகின்றன என்பாள். அத்தை சிவப்புக் கோட்டு வாங்கிப் போட்டுவிட்டால், அதில் எனக்கு மூச்சு முட்டுவதாக அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. இரண்டு பேரும் என்மேல் இவ்வளவு அக்கறையாக இருப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

மலையிறங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து மேட்டுக்கு வந்தோம். அங்கே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக வீடுகளுக்குள்ளேயே வழி உண்டு. அத்தை ஒரு பழைய கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். நாங்களும் இருட்டான நடையில் போனோம், ஒரு முற்றம் வந்தது, வளைந்த படி வந்தது, மேலேறினால் வேறொரு கதவு, அதற்கப்பால் வெயிலடிக்கும் புதுத் தெரு. அத்தை பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஷூ எங்கம்மா?" என்றார் மாமா.

"வாசல்ல விட்டுட்டு வந்தேண்ணே. அடுத்தவங்க வூட்டுக்குள்ள எப்படி ஷூவோட போறது?"

அப்பா திரும்பப் போய்த் தேடினார். உள்ளே நிறைய கதவுகள் இருந்ததால், அவர் வெளியே வருவதற்குள் நான் சிவப்புக் கோட்டுப் பையிலிருந்த மிட்டாய் எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தேன். வந்தபோது அவர் கையில் ஷூ இருந்தது, கூடவே கையில் பூனையோடு ஒரு கிழவரும் இருந்தார். அப்பா அவரிடம் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்த மேட்டின் பாதி உயரத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டலுக்குப் போனோம். கட்டம் போட்ட மேசை விரிப்பு. முழங்கைகள் இடிக்கிற அளவுக்கு நெருக்கமான நாற்காலிகள். அத்தை அந்த ஊரில் பேர்போன மீன் பண்டத்தை எல்லோருக்கும் வரவழைத்தாள். வெள்ளையாக, கொழுக்கட்டையை நீட்டி வைத்ததுபோல, ஆரஞ்சு நிறக் குழம்பில் மிதந்துகொண்டு வந்தது.

அம்மா முள்கரண்டியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"மீன் எங்க அண்ணி?"

"இதான் மீனு. ஆத்து மீன அரைச்சு, மாவு முட்டையெல்லாம் போட்டு அவிச்சது."

"தல?"

"தல கெடையாது."

"முள்ளு?"

"அதுவும் கெடையாது. புள்ளைங்க பயமில்லாம சாப்புடலாம்."

"முள்ளு எடுத்துத் திங்கத் தெரியாம ஒரு புள்ள வளந்தா, அப்புறம் அதுக்கு யாரு எடுத்துக் குடுப்பா?" என்றாள் அம்மா.

"நான் எடுத்துக் குடுப்பேன்" என்றாள் அத்தை.

அம்மா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது. என் பங்கைத் தின்றுவிட்டு அம்மாவின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றேன். கடைசியில் ரோஸ் நிறத்தில் பாதாமும் சர்க்கரைப் பாகுமாக ஒரு பண்டம் வந்தது. அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன் தின்றதில்லை. தட்டை நக்கப் போனேன், அப்பா பிடுங்கி வைத்தார்.

மேட்டின் உச்சிக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் படிகள் இருந்தன. மாமா முழங்காலைத் தடவிக்கொண்டு, "என்னால ஆவாது. நான் இங்கயே இருந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றார். என் கால்களும் துவண்டு போயிருந்தன. மாமா கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன்.

அத்தை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கண்ணு, நீயும் இங்கயே இருந்துடறியா?" என்றாள்.

"இருந்துடறேன்" என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அப்பா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை.

அத்தையின் குரல் மாறிவிட்டது. "அம்மா அப்பா இல்லாம இருப்பியாடா?"

"இருப்பேன். அதான் மாமா இருக்காருல்ல."

"அழ மாட்டியே?"

"இதுக்குப் போய் எதுக்கு அழணும்?"

அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் விரல்கள் வலிக்கும்படி அழுத்தின. "ஏண்டி, நான் இல்லாம உன்னால இருக்க முடியுமா? என்னைத் தேட மாட்டியா?"

இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. "நீங்க மேல போய்ட்டு வர எவ்ளோ நேரம்மா ஆவும்? அதுக்குள்ள நான் இந்த ரோஸ் கலர்ல இன்னொண்ணு சாப்புடுவேன், அவ்ளோதான்" என்றேன்.

முதலில் சிரித்தவர் மாமா. மேசை ஆடும்படி சிரித்தார். பிறகு அப்பா. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். என்னவென்று தெரியாமலே பரிமாறிய அம்மாள்கூட வந்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அத்தை கடைசியாகத்தான் சிரிக்கத் தொடங்கினாள், ஆனால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு ரோஸ் பண்டம் கொண்டுவரச் சொன்னாள். ஓட்டல் முழுவதையும் சிரிக்க வைத்துவிட்ட பெருமையில் அதைத் தின்றேன்.

"மேல வேணாம். போதும், வூட்டுக்குப் போலாம்" என்றாள் அத்தை.

கேள்வியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, நாங்கள் அங்கிருந்த மீதி நாட்களிலும் கேட்கவில்லை. லீவு முடிவதற்குள் மூன்று பேரும் ஊர் திரும்பினோம்.

அந்தப் பிற்பகல் படியிறங்கும்போது கால் வலிக்கிறது என்றேன். காலையிலிருந்து தன் கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்த அம்மா, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை. மாற்றித் தூக்கிக்கொள்கிறேன் என்று வந்த அப்பாவிடமும் தரவில்லை. அப்பா மாமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். எங்களுக்குப் பின்னால் அத்தை தனியாக இறங்கி வந்தாள். நான் அம்மாவின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன். அவளும் நாக்கை நீட்டிக் காட்டினாள். கண்ணை உருட்டினேன், அவளும் உருட்டினாள். மூன்றாவது முறை நான் நாக்கை நீட்டியபோது அவள் எதுவும் செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நாக்கை இன்னும் நீளமாக நீட்டினேன்.