சகலையின் கட்டில்

பழைய கடிகாரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அவற்றுக்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பித்தளை வாங்கித் தானே கடைந்துகொள்ள வேண்டும். தடித்த துண்டாகக் கேட்டால் கடைக்காரர் முழுநீளக் கம்பியைத்தான் நீட்டுவார். அதனால் பழைய இரும்புக் கடைகளில் உடைந்த குழாய், தராசு, கதவுக் குமிழ் என்று குடைந்துகொண்டிருப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு.

ஆளுயரக் கடிகாரம் ஒன்றின் கப்பிக்காக எலுமிச்சை அளவு பித்தளை தேடி அலுத்திருந்தபோது, சகலை இறந்த செய்தி வந்தது.

துக்க வீட்டில், சகலையின் கட்டிலை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு ஆள் இல்லாம நகத்த முடியாது, அத்தனையும் சுத்தப் பித்தளை" என்று சகலை பீற்றிக்கொள்ளாத நாளில்லை. கட்டில் காலின் உச்சியில் ஒரு குமிழ். சரியான அளவு. கை தானாகப் பைக்குள் போனது.

டக்.

விசும்பல்கூட நின்றுபோனது. காந்தத்தைப் பிடுங்கினார், வழுக்கியது, மறுபடியும் ஒட்டியது.

"என்ன பண்றீங்க?" பல்லைக் கடித்தாள் மனைவி.

அவளுடைய அக்கா, சகலையின் மனைவி, நிமிர்ந்து பார்த்தார். "ஒட்டுதா, தம்பி?"

அவர் காந்தத்தை ஒருவழியாகப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"சாவு வீட்டுல சாமான் எடுக்க வந்தவர் மாதிரி! இனி அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று வழி நெடுக மனைவி புலம்பினாள். மறுநாளே அவர் முழுநீளக் கம்பியை வாங்கிக் கப்பியைக் கடைந்து முடித்தார். கூச்சம் மட்டும் தீரவில்லை.

சில வாரம் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை முடிக்க விடவில்லை.

"காந்தம் இருக்கா? இந்த வீட்டுல உங்க அண்ணன் பித்தளைன்னு சொன்னதையெல்லாம் ஒண்ணொண்ணா வச்சுக் காட்டுங்க."

"வேண்டாங்க்கா."

"எனக்குத் தெரியணும், தம்பி."

விளக்குத் தண்டு ஒட்டியது. குடைத்தாங்கி ஒட்டியது. படச்சட்டம் ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் அக்கா "ம்" கொட்டினார். ஒன்றாவது ஒட்டாமல் இருக்கக் கூடாதா என்று இவர் மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் பின்கதவுக் குமிழில் காந்தம் நிற்காமல் விழுந்தது.

"அசல் பித்தளைக்கா!" குரலே உயர்ந்துவிட்டது.

"அது வீடு கட்டினவர் போட்டது. உங்க அண்ணன் வாங்கினதில்ல." அக்கா கதவைச் சாத்தினார். "வேணும்னா கழட்டிக்கங்க."

அவர் தலை குனிந்தபடி செருப்பைத் தேடினார்.

வீட்டில் மனைவி ஆவலாகக் கேட்டாள்: "அக்கா எதுக்குக் கூப்பிட்டா?"

"சும்மாதான். பேசிட்டிருந்தோம்" என்றார்.