மூன்று விரல் நூல்

ஊசி பிடிக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பாறசாலை சபையில் மிஷன் வெள்ளைக்கார துரைசானி மெச்சுவது என் அண்ணன் மனைவியின் தையலைத்தான். அந்த மைனியின் பெயர் காதில் விழுந்தாலே எனக்கு வயிறு எரியும்.

காட்டாக்கடைப் பக்கத்து மிஷன் பிள்ளைகள் இல்லத்துக்கு ஆளுக்கொரு சட்டை தைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையின் மார்பளவுக்கும் ஒரு நூல் வெட்டி அனுப்பியிருந்தார்கள். மைனிக்கு வந்த நூலில் யாருக்கும் தெரியாமல் மூன்று விரல் அளவு நறுக்கிவிட்டேன்.

ஆறு பெண்கள் விடியற்காலையில் வில்வண்டியில் புறப்பட்டோம். வழிநெடுக எல்லோரும் மைனி சட்டைக் கழுத்தில் வைத்த லேஸ் பின்னலையே தடவித் தடவிப் பார்த்தார்கள். போடும்போது தெரியும் என்று உள்ளுக்குள் கறுவினேன்.

இல்லத்தில் என் சட்டை அளவாக இருந்தது; யாரும் பார்க்கவில்லை. மைனியின் சட்டைக்குள் எட்டு வயதுப் பெண்ணொருத்தி திணறி நுழைந்தாள். பொத்தான்கள் தெறிக்கப் பார்த்தன.

"எனக்க கை பிழச்சுப் போச்சே மக்கா. கழத்தித் தா, பிரிச்சுத் தச்சுக் கொண்டு வாறேன்" என்றாள் மைனி.

அந்தச் சிறுமி சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. மூச்சு விடாம நிண்ணா சரியாட்டு இருக்கு."

இப்போது யாருக்குத் தைத்தாலும் மூன்று விரல் துணியைக் கூடுதலாக உள்ளே மடித்து வைக்கிறேன். அதுவும் மைனி சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றுதான் சபையில் பேசிக்கொள்கிறார்கள்.