பத்மாவின் கெம்பு அட்டிகை

பத்மா போன செய்தி, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் நான் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வந்தது. டெக்சஸில் கேட்டி என்ற ஊரிலிருந்து அவள் பெரிய மகள் வித்யா பேசினாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டா" என்றாள். நான் காரிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் ஏற வேண்டிய ரயில் கிளம்பிப் போயிற்று.

நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலரைப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். ஐரோப்பிய ராணிகளின் நகைகளைப் பற்றி வருஷம் தவறாமல் எழுதியவள். மருந்துக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. மதியம் தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கம்ப்யூட்டரில் ஏதாவதொரு ராணியின் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். கழுத்தில் என்ன, காதில் என்ன, அது இப்போது எங்கே. பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. அடுத்து வந்த ராணி கல்லைப் பிடுங்கித் தனக்கு வேறு மாதிரி செய்துகொண்டிருப்பாள். "நம்மாத்து மாதிரியேதான், அழிச்சுப் பண்ணிடுவா. படத்துல மட்டும்தான் முழுசா இருக்கு" என்பாள்.

ஒருமுறை சங்கத்தில் பேசினாள். ஒரு ராணியின் முத்துக்களை வாங்கிப் போட்டுக்கொண்ட பக்கத்து நாட்டு ராணி, பின்னாளில் அவள் தலையை வெட்டவும் கையெழுத்துப் போட்ட கதை. கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டு நினைப்பு. அன்று அவள் கழுத்தில், அவளுடைய அம்மா கொடுத்த கெம்பு அட்டிகை. பேச்சு முடிந்ததும் எல்லாரும் ராணிகளை விட்டுவிட்டு அதைத்தான் விசாரித்தார்கள். அவளுக்குக் கோபம் வந்தது, பெருமையும்தான்.

தனக்குப் பிறகும் அந்த அட்டிகையை யாரும் அழிக்கக் கூடாது. அவள் ஆசை அது ஒன்றுதான். ஆனால் பெண்கள் இரண்டு பேர். சின்னவள் காயத்ரி பே ஏரியாவில் இருக்கிறாள். சண்டை போடுகிற பெண்களாக இருந்திருந்தால் அட்டிகை லாக்கரிலேயே பத்திரமாகக் கிடந்திருக்கும். இவர்களோ ஒருத்திக்கொருத்தி உயிர். கடைசி சாக்லேட்டையும் பாதியாக வெட்டித் தின்று வளர்ந்தவர்கள்.

நோய் முற்றி வித்யா வீட்டில் படுத்திருந்தவளைப் போய்ப் பார்த்தேன். பெண்களிடம் அட்டிகையைப் பற்றிச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொன்னாளாம், இருவரும் உடனே "ஷ்யூர் அம்மா" என்றார்களாம்.

"அவ்வளவு சீக்கிரம் சரின்னா, காதுல விழலைன்னு அர்த்தம். ராணிகளாலயே முடியல, என்னால எங்க முடியப்போறது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறுதலாக என்னவோ சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

போன மாதம் கேட்டிக்குப் போயிருந்தேன். சகோதரிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை நீட்டினார்கள். ஹில்கிராஃப்ட் நகைக்கடையில் கொடுத்துச் செய்த இரண்டு கைச்சங்கிலிகள், ஒன்றுபோல ஒன்று.

"ஈக்வலா ஸ்ப்ளிட் பண்ணிட்டோம் ஆன்ட்டி. டெய்லி போட்டுக்கறோம். அம்மாக்குப் பிடிச்சிருக்கும், இல்ல?" என்றாள் காயத்ரி. அவள் கண் கலங்கியிருந்தது. அவர்கள் மனதில் துளி கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழகாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?

பிறகு வித்யா ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அட்டிகையின் நடுவில் இருந்த பெரிய கல்லை மட்டும் பங்கு போட முடியவில்லையாம். ஒருத்தி எடுத்துக்கொண்டால் மற்றவளுக்குக் குறைந்துவிடுமாம்.

"நீங்க வெச்சுக்கோங்கோ ஆன்ட்டி" என்றாள்.

பத்மாவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கல்தான். திரும்பப் பதிக்க அட்டிகை இல்லை. எனக்குப் பிறகு இதை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு சிவப்புக் கல், அவ்வளவுதான்.