இரண்டாவது கயிறு

புதுக் கையுறைப் பெட்டியை உடைக்கும்போது எழுகிற அந்த மாவு வாசம், வடக்கே ஒரு தீவில் நான் பயிற்சி பெற்ற சிறிய ஆஸ்பத்திரியின் பின்வளவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். இப்போது ஒரு தடவை போட்டதும் எறிந்துவிடுகிறோம். எண்பதுகளின் கடைசியில், சண்டையால் மூடிய பாதை திறந்தால்தான் மருந்தே வரும். அதனால் கையுறைகளைக் கழுவி, அவித்து, ஊதிப் பார்த்து, ஓட்டை இல்லாதவற்றைக் கயிற்றில் காயவிட்டு மறுபடி மாட்டுவோம். அங்கே இரண்டு கயிறுகள் இருந்தன. இரண்டாவது ஒரே ஒரு நோயாளிக்காகக் கட்டியது.

அவர் நாரந்தனைக்காரர். கப்பல் வேலைக்குப் போய், விடாத காய்ச்சலோடு எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். எயிட்ஸாக இருக்கலாம் என்று டொக்டர் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார், முடிவு வரவில்லை. தாதி மாணவிகளான நாங்கள், தொட்டால் பரவாது, ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் பரவாது என்று சோதனையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவர்கள். ஆனாலும் அவருக்குக் கஞ்சி கொடுக்கக்கூடக் கையுறை போட்டோம், அதைத் தனிக் கயிற்றில் காயவிட்டோம். அப்படிச் செய்யும்படி எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவருடைய தங்கைக்கு வேலணையில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. நோயாளியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். முதல்நாள் அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“மிஸி, நாளைக்கு மட்டும் அந்தக் கயித்தை அவிட்டு விடுவியளே? வாற சனமெல்லாம் அதைத்தான் பாக்குது.”

அவிழ்த்தேன். எல்லாக் கையுறைகளையும் ஒன்றாகப் போட்டு அவித்தும் விட்டேன். மற்ற மாணவிகள் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்கள். “இனி எது அந்தாளின்ரை எண்டு என்னெண்டு தெரியும்?” என்றாள் ஒருத்தி. அதன்பிறகு அந்தக் கையுறைகளில் ஒன்றையும் தொட மாட்டோம் என்று நின்றார்கள்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையும் தாயும் அவருடைய அறையில் கதிரையில் இருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த மாணவி வாசலைத் தாண்டவில்லை. சோற்றுக் கோப்பையை நிலத்தில் வைத்து, காலால் உள்ளே தள்ளினாள். சீமெந்துத் தரையில் அது உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மாப்பிள்ளையின் தாய் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். தங்கை எழும்பிப் போய்க் கோப்பையை எடுத்தாள். கையைக் கழுவி, சோற்றைக் குழைத்து அண்ணனுக்குத் தீத்தினாள். இடையிடையே அதே கோப்பையிலிருந்து தன் வாயிலும் ஒரு பிடி வைத்தாள்.

“விசரி, உன்ரை கலியாணமெல்லே” என்றார் அவர்.

“நிண்டால் நிக்கட்டும் அண்ணை. நீங்கள் சாப்பிடுங்கோ.”

கலியாணம் நின்றது. அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. அவருக்கு உண்மையில் அந்த நோய் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது நான் தாதி மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. போன கிழமை எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு விழுங்க ஒரு குளிசை கொடுக்கப் புறப்பட்ட மாணவி, புதுப் பெட்டி ஒன்றை உடைத்துக் கையுறை மாட்டினாள்.

“தொட்டால் பரவுமோ? சொல்லும் பாப்பம்” என்றேன்.

“பரவாது மிஸ். இரத்தத்தால, உடலுறவால, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு.”

பிழையே இல்லாத விடை. சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கைவிட்டு, இன்னொரு சோடியை எடுத்து முதலாவதன் மேலே மாட்டினாள்.