விட்டுப்போன வார்த்தை

என் அப்பாவைச் சபை நடுவில் வைத்து அவமானப்படுத்தியது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சனத்நகரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை முதலாளி பூட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு போய், பூட்டிய கேட்டின் முன் நின்றுவிட்டு வருவார். பெரியப்பாவுக்கு சர்க்கார் கம்பெனியில் உத்தியோகம். செகந்திராபாத் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பெரிய மனிதர் வேறு. அந்த ஞாயிறு வேதம் வாசிக்க என்னை நிறுத்தியது அவர். பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் அவரே.

நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பவுலின் நிருபத்தில், வேலை செய்ய மனதில்லாதிருந்தால் சாப்பிடவும் கூடாது என்று வரும் இடம். அந்த நீளமான வார்த்தைக்கு நாக்கு புரளவில்லை. அதை விட்டுவிட்டு, வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது என்று உரக்க வாசித்துவிட்டேன்.

ஒருவரும் திருத்தவில்லை. பாஸ்டர் கையில் வேதம் திறந்தே இருந்தது. அவர் வாய்தான் திறக்கவில்லை. பிரசங்கம் முழுக்கச் சோம்பேறிகளுக்குத் திட்டு. கேட்டைப் பூட்டியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் பெரியப்பாவுக்குச் சாப்பாடு. "பிள்ள என்னமா வாசிச்சா! கேட்டியால?" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா எழுந்துவிட்டார்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

"நக்கோ, வேண்டாம்."

பெரியப்பா இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு அப்பா வேதத்தைத் திறந்து, நான் விட்ட இடத்தில் விரலை வைத்தார். "இத வாசி."

"ம... ன... தில்..."

"அர்த்தம் தெரியுமாட்டி?"

தலையாட்டினேன், தெரியாது என்று.

"இஷ்டம் லேகபோத்தே. வேலை இருந்தும் செய்ய இஷ்டமில்லாதவன சொல்லுதாரு. வேலை கிடைக்காதவன இல்ல."

"சாரிப்பா. இனிமே ஒழுங்கா வாசிக்கேன்."

அப்பா வேதத்தை மூடி வைத்தார்.

மறுநாளும் கேட்டுக்குப் போனார். டப்பாவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. என் தமிழ் மோசமாக இருப்பதால்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இருட்டும் நேரத்தில் அவர் காய்ந்த முகத்தோடு வந்தபோது நோட்டை அவர் முன் நீட்டினேன். ஒரு பக்கம் முழுக்க, ஒரு பிழை இல்லாமல்: மனதில்லாதிருந்தால், மனதில்லாதிருந்தால், மனதில்லாதிருந்தால்.

நல்ல கையெழுத்து என்று சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.