வேலாயுதத்தின் பாதக் கணக்கு

இடது பெருவிரலில் வலது குதிகாலை முட்டவைத்து, வலது பெருவிரலில் இடது குதிகாலை முட்டவைத்து, வேலாயுதம் தம் வீட்டுக் கூடத்தை அளந்துகொண்டு போகிறார். தினமும் காலையில் இதுதான் வேலை. அடுப்பில் பால் பொங்குகிறது. எண்ணுகிற வாயால் வேறு பேசினால் கணக்குத் தப்பும் என்று கையை மட்டும் நீட்டிக் காட்டுகிறார். மனைவி கங்கையம்மாள் ஓடிவருவதற்குள் பாதிப் பாலை அடுப்பு குடித்துவிடுகிறது.

மாகறல் போகிற வழியில், வயல் நடுவே நிற்கும் அந்தச் செங்கல் வீடு அவருடைய தாத்தா கட்டியது. கையகல மெல்லிய செங்கல், கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்பு. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பக்கத்தில் நெல் அறை, அதையொட்டி வைக்கோல் கொட்டகை, பின்னால் மாட்டுத் தொழுவம், எல்லாம் அதே செங்கல்தான். எல்லாம் மனையடி சாஸ்திரப்படி வீட்டுக்காரரின் பாதத்தால் அளந்து கட்டியவை. வினையே அங்கேதான் வந்தது. தாத்தாவுக்குச் சின்னப் பாதம். பேரனுக்கோ காஞ்சிபுரம் முழுக்க அலைந்தாலும் செருப்புக் கிடைக்காது. தாத்தா காலுக்குப் பத்தடி இருந்த நெல் அறை இவர் காலுக்கு ஒன்பதடி. ஒன்பதுக்குப் பலன் பீடை.

விடுவாரா மனுஷன்? உள்ளே ஒரு சுவர் எழுப்பி எட்டாக்கினார். எட்டு பாக்கியம். இடம் போதாமல் மூட்டைகள் கூடத்துக்கு வந்துவிட்டன. வருகிற விருந்தாளி நெல்மேல்தான் உட்கார வேண்டும். கொத்தனார் தர்மன் புதிதாக ஒரு மீட்டர் டேப்பை எடுத்துவந்தபோது, "மீட்டருக்குப் பலன் எவன்பா எழுதி வெச்சிருக்கான்? சுருட்டி உள்ள வெய்யி" என்று சொல்லிவிட்டார்.

"கால் வெரல மடக்கிக்கினு அளந்து பாருங்க. தாத்தா கணக்கே வந்துடும்" என்றாள் கங்கையம்மாள்.

"சாஸ்திரத்துக்கே டிமிக்கி குடுக்கச் சொல்றியா? உனுக்கு இன்னாமே தெரியும்" என்றவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்தது தொழுவம். அகலம் தாத்தாவுக்கு எட்டு. இவருக்கு ஏழு, அதாவது தரித்திரம். அதிலும் ஒரு சுவர் எழுப்பி ஆறாக்கினார். அந்தச் சுவர் ஓரத்து வாசலில் ஓரடியை விழுங்கிக்கொண்டது. சினையாயிருந்த செவலைப் பசு வயிறு பெருக்கப் பெருக்க வாசல் சுண்ணாம்பில் உரசி உரசிப் போய்வந்து, இரண்டு பக்கமும் வெள்ளையடித்த பசுவாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலாயுதம் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளித்தான் உள்ளே போயிற்று. சனிக்கிழமை காலையில் வெளியே வரவில்லை.

கன்று போடும் வேளை வந்துவிட்டிருந்தது. உள்ளே படுக்கவும் இடமில்லை.

"இங்கியே ஈனுச்சுன்னா கன்னு மிதிபட்டுப் பூடும்பா. செவுத்த எடுத்துடலாம்" என்றார் கடப்பாரையோடு ஓடிவந்த தர்மன்.

"எடுத்தா ஏழாப் பூடுமே."

"ஏழா இருந்தா இருந்துட்டுப் போவுது. மாடு இருக்கணுமா வேணாவா?" என்றாள் கங்கையம்மாள்.

செவலை ஒருமுறை கத்திற்று. தாய் செத்த கன்றாக அதை மடியில் போட்டுக் கஞ்சி புகட்டி வளர்த்தவர் வேலாயுதம். தர்மன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார். தாத்தா கட்டிய சுவராயிருந்தால் மூன்று நாள் பிடித்திருக்கும். இவர் கட்டியது மூன்றே இடியில் உட்கார்ந்துவிட்டது. வெட்கப்பட அப்போது நேரமில்லை.

உச்சிப்பொழுதில், புங்கமரத்தடியில் செவலை ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். வேலாயுதம் மட்டும் மெல்ல நழுவித் தொழுவத்துக்குள் போனார். தவிட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் வந்த கங்கையம்மாள் வாசலருகே நின்றுவிட்டாள்.

அவர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஐந்து விரலையும் உள்ளே மடக்கி, நொண்டுகிறவர்போல முதல் அடியை எடுத்துவைத்து, "ஒண்ணு" என்றார்.