பன்னிரண்டாவது நகர்த்தலில் கேட்ட டிரா

பிளஸ் ஒன் படித்தபோது நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்த செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினேன். எதிரில் இருந்தவளின் அப்பா இன்ஜினியர். என் அப்பா அவருக்குக் கீழே கான்ட்ராக்ட் தொழிலாளி.

பன்னிரண்டாவது நகர்த்தலிலேயே அவள், "டிரா வெச்சுக்கலாமா?" என்றாள். அவள் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு ஏன் கேட்கிறாள்? ஜன்னலுக்கு வெளியே அப்பா, அவள் அப்பாவின் முன்னால் கைகட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்காக முன்பே கெஞ்சியிருப்பாரோ? எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இரக்கப்பட்டுத் தரும் அரைப் புள்ளி எனக்கு வேண்டாம்.

"ஆடலாம்" என்றேன்.

மூன்று மணி நேரம் ஆடினோம். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே மிஞ்ச, நடுவர் டிரா என்று எழுதினார்.

"அரைப் புள்ளி கிடைச்சாலே எனக்குக் கப்பு. அதான்டி அப்பவே கேட்டேன். பசி உயிர் போகுது!" என்றாள் அவள்.

அவள் சொன்னது நம்பும்படிதான் இருந்தது. ஆனாலும் சைக்கிளில் ஏறியதும் அப்பாவைக் கேட்டேன்.

"அவருகிட்ட என்னாப்பா பேசிக்கினு இருந்த?"

"ஷிப்ட் மாத்திக் கேட்டேன்."

"இந்த டிரா நானா ஆடி எடுத்தது."

"யாரு இல்லன்னது?" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.